பதம் பார்த்தல்

தமிழில் ‘பதம்’ என்ற சிறு சொல் செய்யும் வேலைகளை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். உலையில் சோறு வெந்ததா என்று தாய் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்க்கிறாள். அது பதம் பார்ப்பது. பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார்; அதுவும் பதம். மழை விட்ட மறுநாள் உழவன் மண்ணை அள்ளிப் பிடித்துப் பார்ப்பதும், நமது மலைநாட்டுத் தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கர் வாட்டிய கொழுந்தை ஒரு கைப்பிடி அள்ளி அழுத்தி, விட்டவுடன் அது எவ்வாறு விரிகின்றது என்று கவனிப்பதும் அதுவே. இத்தனைக்கும் பொதுவான அந்தச் சொல்லையே நம் முன்னோர் கத்தியின் கூர்மைக்கும் வழங்கினார்கள். சமையலறையில் யாருக்காவது விரல் வெட்டுப்பட்டால், “கத்தி கையைப் பதம் பார்த்துவிட்டது” என்று இன்றும் சொல்கிறோம்.

கூர்மையைக் குறிக்கத் தமிழில் வேறு சொற்கள் இல்லாமலில்லை. ஆயினும் ‘பதம்’ என்னும்போது கூர்மையோடு பக்குவமும் சேர்ந்து நிற்கிறது. இன்னும் சிறிது வேகவிட்டால் சோறு குழைந்துவிடும். இன்னும் சிறிது தீட்டினால் கத்தி கெட்டுவிடும். சவரக் கத்தியைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் இச்சொல்லின் பொருத்தம் நன்கு விளங்கும். ஏனெனில் அந்தக் கத்தி மயிரை அறுத்தால் மட்டும் போதாது. அறுக்கும்போது தோலுக்கு இதமாகவும் இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் ஒன்றென்றே பலரும் எண்ணுகின்றனர். அவ்வாறன்று என்பதை நமக்கு முதன்முதலில் விளக்கியவர் உடப்புசல்லாவையில் வாழும் ஒரு முதிய நாவிதர்.

நுவரெலியாவுக்குக் கிழக்கே, கந்தப்பளையையும் இராகலையையும் கடந்து செல்லும் பாதையில் அமைந்தது உடப்புசல்லாவை. இலங்கைத் தேயிலைச் சபை வகுத்துள்ள ஏழு தேயிலைப் பிரதேசங்களுள் ஒன்று இவ்வூரின் பெயரையே தாங்கியுள்ளது. 1903ஆம், 1904ஆம் ஆண்டுகளில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வழியாக ஒரு சிறு இருப்புப் பாதையை அமைத்தார்கள். தண்டவாளங்களுக்கிடையே இரண்டரை அடியே அகலம். அதற்கு ‘உடப்புசல்லாவைப் பாதை’ என்று பெயரிட்டார்களே தவிர, கோச்சி உடப்புசல்லாவையை எட்டிப் பார்க்கவேயில்லை, இராகலையிலேயே நின்றுவிட்டது. 1948இல் அதுவும் மூடப்பட்டது. டெல்மார், லக்கிலேண்ட் முதலிய தோட்டங்கள் இப்பகுதியைச் சேர்ந்தவை. அதிகாலையில் மூடுபனி லயங்களின் தகரக் கூரையில் சொட்டுச் சொட்டாக வடியும் நாடு இது. அந்தக் குளிரைப் பற்றிப் பின்னர் கூறுவோம். கத்திக்கும் அதற்கும் தொடர்பு உண்டு.

அக்காலத் தோட்டங்களில் நாவிதர் ஒரு நிலையான மனிதர். தோளில் அடைப்பத்தை மாட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகச் செல்வார். அந்த அடைப்பத்துக்குள் கத்தி, கத்தரி, சீப்பு, சிறு கண்ணாடி, தீட்டுக்கல், தோல் வார், ஒரு கிண்ணம் ஆகியவை இருக்கும். பல தோட்டங்களில் அவருக்கும் சலவைத் தொழிலாளிக்கும் உரிய கூலியைத் தொழிலாளரின் சம்பளத்திலிருந்தே கழித்துக் கொடுத்து வந்தனர். சம்பளச் சீட்டில் நாவிதர் ஒரு சிறு கழிவுத் தொகையாக ஒரு வரியில் இருந்தார். குழந்தையின் முதல் முடி இறக்குவதும் அவரே. இறப்பு வீட்டில் மகனுக்குத் தலை மழிப்பதும் அவரே. இவ்வளவு நெருங்கிய மனிதரைத் திண்ணைக்கு மேல் ஏற்றாமல் வைத்திருந்த பெருமையும் நமது சமூகத்துக்கு உண்டு. தமிழகத்தில் இத்தொழில் செய்வோருக்கு ‘மருத்துவர்’ என்றும், யாழ்ப்பாணத்தில் ‘பரியாரி’ என்றும் வழங்கும் பெயர்கள், கத்தியோடு வைத்தியமும் அவர்கள் கையில் இருந்த காலத்தை நினைவூட்டுகின்றன. கூரிய இரும்பை உயிருள்ள தோலின் மீது நடத்தத் தெரிந்தவர் வேறு யார் இருந்தார்?

கத்தியின் அமைப்பை முதலில் பார்ப்போம். மடக்குச் சவரக் கத்தியின் முதுகு தடித்தும் வாய் மெலிந்தும் இருக்கும்; இரு பக்கங்களும் உட்குழிவாகக் கடையப்பட்டிருக்கும். அதன் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று கூறுவது வழக்கம். எட்டில் ஐந்து பங்கு அகலமுள்ள கத்தி ஏறத்தாழ 16 மில்லிமீற்றர்; அதன் முதுகின் தடிப்பு ஏறத்தாழ நாலரை மில்லிமீற்றர். தீட்டும்போது முதுகும் வாயும் ஒருங்கே கல்லின்மீது படியும்படி வைத்தே இழுக்க வேண்டும். ஆகவே வாயின் கோணத்தைத் தீட்டுகிறவர் தீர்மானிப்பதில்லை. கத்தியின் முதுகே தீர்மானித்துவிடுகிறது. திரிகோண கணிதம் பயிலும் மாணவர்கள் மேற்கூறிய இரண்டு அளவுகளையும் வைத்துக் கணக்கிட்டால் 16 பாகையளவில் விடை வரும். நமது சமையலறைக் கத்திகளில் இது பெரும்பாலும் இருமடங்காக இருக்கும். இத்தகைய எளிய உபாயத்தைக் கத்திக்குள்ளேயே வைத்துச் செய்த அந்தப் பழங்காலக் கொல்லனின் அறிவை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

கோணம் கத்தியின் பொறுப்பு என்றால் நாவிதரின் பொறுப்பு எது? கல்லைத் தெரிந்தெடுப்பதும், அழுத்தத்தை அறிவதும், எங்கே நிறுத்துவது என்று உணர்வதும் அவர் பொறுப்பு. நிறுத்த வேண்டிய இடம் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதுதான் சிக்கல். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டால் ஒரு கூறு ஒரு மைக்றோன். தாடி மயிர் ஒன்றின் தடிப்பு 100 மைக்றோன் அளவில் இருக்கும். நன்கு தீட்டிய கத்தி வாயின் தடிப்போ அரை மைக்றோனுக்கும் குறைவு. நாம் காணும் ஒளியின் அலைநீளமே 0.4 முதல் 0.7 மைக்றோன் வரைதான். கத்தியின் வாய் ஒளி அலையின் அளவுக்கே மெலிந்துவிடுவதால், அதன் விளிம்பைக் கண்ணால் காண்பது இயலாத காரியம். பார்வை முடிகின்ற இடத்தில் வேறு புலன்கள் வேலையை ஏற்கின்றன.

ஆயினும் பார்வை முற்றாகப் பயனற்றதன்று. கத்தியின் வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கின் கீழே மெல்லத் திருப்பினால், மழுங்கிய இடம் ஒரு வெள்ளிப் பொட்டாக மின்னும். ஒளியைத் திருப்பி அனுப்ப அங்கே ஒரு தளம் இருக்கிறது என்று பொருள். எங்கும் மின்னாமல் வாய் இருளாகவே இருந்தால் முதற் சோதனை முடிந்தது. அடுத்தது பெருவிரல். ஈரமாக்கிய பெருவிரலின் சதையை வாயின்மீது குறுக்காக, காற்றுப் படுவதுபோல் வைத்தால், நல்ல வாய் தோலைச் சற்றே பற்றிக்கொள்ளும். நீளவாட்டில் விரலை ஓட்டவே கூடாது. இதைப் படிக்கும் இளைஞர்கள் வீட்டில் இச்சோதனையைச் செய்து பார்க்காதிருப்பார்களாக; விரலின் அறிவு பல ஆண்டுகளில் வருவது, வெட்டுக்காயம் ஒரு நொடியில் வருவது. நகத்தின்மீது வாயை மெதுவாக இழுத்து, பல் விழுந்த இடங்களைத் தடுக்கல்களால் அறிந்தோரும் உண்டு. ஆனால் அச்சோதனை கத்தியையும் சற்றுக் கெடுத்துவிடும்; ஆதலால் தீட்டத் தொடங்கும் முன்னரே அதைச் செய்வர். பின்னர் முன்கை மயிர். தோலை ஒட்டி மழிப்பது பெரிதன்று. சுமாரான கத்தியும் அதைச் செய்யும். தோலைத் தொடாமல் சற்று மேலே கத்தியைக் கொண்டுசென்றால், நிற்கும் மயிர்களின் நுனியை அது அரிந்து செல்கிறதா, அல்லது வளைத்துவிட்டுச் செல்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலாகப் புகழ்பெற்றது தொங்கும் மயிரிழைச் சோதனை. தலைமயிர் ஒன்றை இரு விரல்களால் பிடித்துத் தொங்கவிட்டு, மேல்நோக்கிய கத்தி வாயின்மீது இறக்குவது. மயிர் ஓசையின்றி இரண்டாக விழுந்தால் பார்ப்பவர்கள் ‘ஆகா’ என்பார்கள். உண்மையில் இது ஒரு சஞ்சலமான சாட்சி. மயிரின் மேற்புறம் கூரை ஓடுகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த நுண்செதில்களால் ஆனது. அவை வேரிலிருந்து நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். வேர்ப்புறத்தைப் பிடிக்கிறோமா நுனிப்புறத்தைப் பிடிக்கிறோமா என்பதற்கேற்ப விடை மாறும். தடித்த மயிர் ஒரு விடை சொல்லும். குழந்தையின் மயிர் வேறொரு விடை சொல்லும். எண்ணெய் தேய்த்த தலையின் மயிரோ வழுக்கிக்கொண்டு போய்விடும். ஒரே மனிதர், ஒரே தலையின் மயிரை, ஒரே விதமாகப் பிடித்து, பல ஆண்டுகள் செய்து வந்தால் மட்டுமே இச்சோதனை அவருக்கு ஏதேனும் உணர்த்தும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. அளவுக்கு மிஞ்சித் தீட்டிய கத்தியின் விளிம்பில் ‘பிசிறு’ எழும்பும். உருக்கு மிக மெலிந்து, தாங்க வலுவின்றி, ஒரு நுண்ணிய தகடாக ஒரு பக்கம் மடிந்து நிற்பதே பிசிறு. அத்தகைய வாய் தொங்கும் மயிரை அற்புதமாக அறுக்கும்! அந்த மயக்கத்தில் கத்தியை முகத்தில் வைத்தால், நாலு இழுப்பில் பிசிறு உடைந்து விளிம்பு அரம்போல் ஆகிவிடும். முகம் எரியும்; மறுநாள் தோல் சிவந்து தடிக்கும். மயிரிழைச் சோதனையில் முதற்பரிசு பெற்ற கத்தி முகத்தின் சோதனையில் தோற்றுப்போகிறது. பரீட்சையில் தேறுவதும் வாழ்க்கையில் தேறுவதும் பற்றி வகுப்பறையில் நாம் சொல்வது இருக்கட்டும்.

இந்த இடத்தில்தான் உடப்புசல்லாவைப் பெரியவரின் கதை வருகிறது. எண்பதைக் கடந்தவர். அவரிடமும் அவருடைய தமையனாரிடமும் தந்தை விட்டுச்சென்ற இரண்டு கத்திகளும் ஒரு தீட்டுக்கல்லும் இருந்தன. கல் கருஞ்சாம்பல் நிறம், விரலால் தடவினால் கண்ணாடிபோல் வழவழப்பாம். எந்த நாட்டுக் கல் என்று அவருக்குத் தெரியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்களானதையும், 1964ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானதையும் வாசகர்கள் அறிவர். 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் அவ்வொப்பந்தம் கூறிற்று. ஒரே லயத்தில், ஒரே வீட்டில், அண்ணனுக்கு ஒரு நாடும் தம்பிக்கு ஒரு நாடும் விழுந்தன. 1970ஆம் ஆண்டளவில் தமையனார் குடும்பத்தோடு கோச்சியில் ஏறித் தலைமன்னாருக்குச் சென்று கப்பல் ஏறினார். கத்தி ஆளுக்கொன்றாயிற்று. கல்லை இரண்டாக்க முடியாதல்லவா? மூத்தவர் என்ற முறையில் அது அவரோடு போயிற்று.

“அவரு கேக்கவே இல்லீங்க சேர். நானாத்தான் பொட்டியில வச்சேன்” என்றார் பெரியவர்.

தம்பி கடைவீதியில் ஒரு செயற்கைக் கல்லை வாங்கினார். அக்கல் வேகமாக அறுத்தது. கத்தி முன்னையிலும் கூர்மையாயிற்று என்றே அவர் எண்ணினார். மயிரிழை விழுந்தது, முன்கை மழிந்தது. இரண்டு வாரம் கழித்து ஒரு கங்காணி சொன்னாராம்: “என்னப்பா, கத்தி நல்லாத்தான் வெட்டுது. ஆனா ராத்திரி பூரா மூஞ்சி எரியுதே!” அடுத்த ஞாயிற்றுக்கிழமை இன்னொருவர் தமையனாரை நினைவுகூர்ந்தார். கத்தி மாறவில்லை, கை மாறவில்லை, மாறியது கல் மட்டுமே.

காரணத்தை இன்று நாம் எளிதில் கூறிவிடலாம். பருமனான மணிகளைக் கொண்ட கல் உருக்கில் ஆழமான கீறல்களை இடுகிறது. அக்கீறல்கள் விளிம்பை வந்து முட்டும் இடங்களில் நுண்ணிய பற்கள் தோன்றுகின்றன. அப்பற்கள் மயிரை நன்றாகவே அறுக்கும். கூடவே தோலின் மேற்படையையும் சுரண்டி எடுக்கும். மென்மணிக் கல்லில் முடித்த விளிம்பில் கீறல்கள் ஆழமற்றவை. மயிர் அறுபடும், தோல் தப்பும். பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மஞ்சட்கல் இவ்விதத்தில் பெரும் புகழ் பெற்றது. அதனுள் இருக்கும் மாணிக்க இனத்தைப் போன்ற நுண்ணிய செம்மணிகள் உருண்டையானவையாதலால் ஆழக் கீறுவதில்லை.

இந்த விளக்கம் எதுவும் பெரியவருக்கு அன்று கிடைக்கவில்லை. அவருக்குக் கிடைத்தவை முகங்கள். கல்லின்மீது தண்ணீருக்குப் பதிலாகச் சவர்க்கார நுரையைத் தடவிப் பார்த்தார். நுரை கத்தியைச் சற்றுத் தாங்கிப்பிடித்தது. அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து, இறுதியில் கத்தி தன் எடையால் மட்டுமே கல்லில் நடக்கும்படி விட்டார். வாரில் இருபது முறை இழுத்த இடத்தில் அறுபது முறை இழுத்தார். வாரில் இழுக்கும்போது முதுகு முன்னே செல்லவேண்டும், வாய் பின்னே வரவேண்டும். திருப்பும்போது கத்தி முதுகின்மேலேயே புரள வேண்டும். தோல் உருக்கைப் பெரிதாகத் தேய்ப்பதில்லை. விளிம்பை நேர்ப்படுத்தித் துடைத்துவிடுகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும் அடுத்த ஞாயிறன்று ஒரு முகத்தில் கேட்டறிந்தார். வாய்திறந்து கேட்டதில்லையாம். கத்தி மேலுதட்டை நெருங்கும்போது கண் சுருங்குகிறதா, தாடைக்குக் கீழே வரும்போது தொண்டை இறுகுகிறதா, நாற்காலியின் கையை விரல்கள் பற்றுகின்றனவா என்று பார்த்துக்கொண்டாராம். ஓர் ஆண்டு சென்றது.

“முடி வெட்டுறது பெரிய காரியமில்லீங்க சேர். அந்த ஆளு மறுநாள் பீலிக்கரையில மூஞ்சி கழுவுறப்போ என்னைய நெனைக்காம இருக்கணும். நெனைச்சாருன்னா எரியுதுன்னு அர்த்தம்.”

அவர் காதையும் பயன்படுத்தினார். நன்கு பதமான கத்தி நனைந்த தாடியில் நடக்கும்போது, மெல்லிய, ஒரே சீரான ஓசை எழும். சுருதி ஏறினாலோ விட்டுவிட்டு ஒலித்தாலோ கத்தி வாருக்குத் திரும்ப வேண்டும். இதமென்பது கத்தியின் தனிச்சொத்துமன்று. உலர்ந்த தாடி மயிரைவிட, சில நிமிடம் வெந்நீரில் ஊறிய மயிரை அறுக்க மிகக் குறைந்த விசை போதும். மயிரின் புரதம் நீரை உறிஞ்சி மென்மையாகிறது. உடப்புசல்லாவையின் விடியற்குளிரில் முகத்தோல் புல்லரித்து, மயிர்க்கால்கள் மேடுகளாக எழும்பி நிற்கும். அந்த மேடுகளின் தலையைச் சீவாமல் கத்தியை நடத்துவது எப்படி? ஆகவே லயத்து அடுப்பில் வெந்நீர் கொதிக்கும் வரை அவர் காத்திருப்பார். கத்தியின்மீது பூசும் தேங்காயெண்ணெயும் அந்தக் குளிரில் உறைந்து வெண்ணெய்க் கட்டியாகிவிடும்; 24, 25 பாகை செல்சியஸுக்குக் கீழே அது திரவமாக நிற்பதில்லை. எண்ணெய்ப் போத்தலும் அடுப்போரத்திலேயே இருக்கும். பூசாமல் விட்டால் மூடுபனி ஒரே இரவில் விளிம்பைத் தின்றுவிடும்.

அதே தோட்டத்தில் வேறொரு கூரிய கத்தியும் உண்டு. ஆண் தொழிலாளர்கள் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும் கத்தி. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியை வெட்டித் தாழ்த்தினால்தான் கொழுந்து செழிக்கும். கவ்வாத்துக் கத்தி மழுங்கியிருந்தால் கிளை பிளக்கும், பட்டை கிழியும். கிழிந்த இடத்தில் மழைநீர் தேங்கி மரம் உளுத்துப்போகும். நல்ல வெட்டு சாய்வாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும். 1925இல் நிறுவப்பட்டு இன்று தலவாக்கலையில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் கவ்வாத்தைப் பற்றி விரிவாகவே ஆராய்ந்துள்ளது. ஆனால் சவரக் கத்தியின் பதம் கவ்வாத்துக்கு உதவாது. அவ்வளவு மெல்லிய வாய் முதற் கிளையிலேயே மடங்கிவிடும். செடியோ முகம் சுளிப்பதில்லை. வெட்டு நன்றா தீதா என்பதை அது பல வாரங்கள் கழித்துத் துளிர்விட்டோ விடாமலோதான் கூறும். கவ்வாத்துக்காரர் அதுவரை வெட்டுவாயைக் கண்ணால் பார்த்தே தம் கத்தியை எடைபோடுகிறார்.

மயிர் என்பது உருக்கைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான பொருள். அவ்வாறாயின் அதை அறுத்து உருக்கு ஏன் மழுங்க வேண்டும்? தேய்கிறது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அமெரிக்காவின் மசாச்சுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் செம் தசான் என்பவரும் அவருடன் ஆராய்ந்தோரும் இலத்திரன் நுணுக்குக்காட்டியின் கீழே கத்தியால் மயிரை அறுத்துப் பார்த்து, 2020ஆம் ஆண்டில் ‘சயன்ஸ்’ என்னும் ஆய்வேட்டில் முடிவுகளை வெளியிட்டனர். தேய்வதைவிட, விளிம்பிலிருந்து நுண்ணிய சிம்புகள் பெயர்ந்து விழுவதே பெருங்காரணம் என்று கண்டனர். கத்திக்கு நேர் எதிரே நிற்கும் மயிர் அவ்வளவு தீங்கு செய்வதில்லை. வளைந்து, சாய்வாக வந்து மோதும் மயிரே தீங்கு செய்கிறது. அதுவும் உருக்கின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடத்தில், ஏற்கெனவே சிறு பள்ளம் இருக்கும் விளிம்பில். பெரியவர் தோலை இழுத்துப் பிடித்து மயிரை நிமிரச் செய்வதும், விளிம்பில் பல் இல்லாமல் பார்த்துக்கொள்வதும் கத்திக்கும் நன்மையே என்பது இதனால் தெளிவாகிறது.

உருக்கின் சீர்மை என்றதும் நம் நாட்டு வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் இரும்பை உருக்கி ஆக்கிய எஃகு ஐரோப்பாவில் ‘வூட்ஸ்’ எனப்பட்டது. ‘உக்கு’ என்ற கன்னடச் சொல்லின் திரிபு அது என்பர். நமது ‘உருக்கு’ அதற்கு உறவு. இலண்டனில் ஸ்ட்ராண்ட் வீதியில் கத்திக்கடை நடத்திய ஜேம்ஸ் ஸ்டொடார்ட், இந்தியாவிலிருந்து வந்த வூட்ஸ் உருக்கினால் சவரக் கத்திகள் செய்வதாகவும், பல ஆண்டு ஒப்புநோக்கிய பின்னர் ஐரோப்பாவின் சிறந்த உருக்கிலும் அதையே விரும்புவதாகவும் தமது கடை அட்டையிலேயே அச்சிட்டிருந்தார். பின்னர் அவரோடு சேர்ந்து உருக்கை ஆராய்ந்து 1820இலும் 1822இலும் கட்டுரைகள் வெளியிட்டவர், மின்னியலில் பெரும்புகழ் பெற்ற மைக்கேல் பரடேயே. தாம் ஆக்கிய கலப்புருக்கினால் சவரக் கத்திகள் செய்வித்து நண்பர்களுக்குப் பரிசளித்தார் அவர். விஞ்ஞானியும் இறுதியில் முகத்திடமே தீர்ப்புக் கேட்டிருக்கிறார்! இலங்கையின் கிராமக் கொல்லர்கள் இரும்பு உருக்கிய முறையை, கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக இருந்த ஆனந்த குமாரசுவாமி நேரில் கண்டு 1908இல் வெளியிட்ட தமது நூலில் பதிந்து வைத்தார். பலாங்கொடைக்கு அண்மையில் சமனலவெவப் பகுதியில், பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளைக் கண்டறிந்து 1996இல் உலகுக்கு அறிவித்தவர் ஜில் ஜுலெஃப் என்னும் ஆய்வாளர்.

இன்று உடப்புசல்லாவைக் கடைவீதியின் சலூன்களில் மடக்குக் கத்தி இல்லை. அதன் உருவம் மட்டும் இருக்கிறது. பிடியில் பாதி பிளேடைச் செருகி, ஒருவருக்கு ஒன்றாகப் பயன்படுத்தி எறிந்துவிடுகிறார்கள். கிங் காம்ப் ஜில்லெட் என்ற அமெரிக்கர் 1903இல் தமது பாதுகாப்புச் சவரக் கருவியை விற்கத் தொடங்கியபோது, முதலாண்டில் விலைபோனவை 51 கருவிகளும் 168 பிளேடுகளுமே. அந்த மெல்லிய தகடு பின்னர் உலகை வென்றது. மாற்றத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஈரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி நுண்ணங்கி, உலர்ந்த பரப்பிலும் ஏழு நாளேனும் உயிர்த்திருக்கக் கூடியது. ஒரே கத்தி லயம் முழுவதற்கும் சென்ற காலம் திரும்ப வேண்டாம். பெரியவரும் 1990ஆம் ஆண்டுகளிலேயே பிறர் முகத்துக்குப் பிளேடுக்கு மாறிவிட்டார். அவருடைய பேரன் கொழும்பில் ஒரு சலூனில் வேலை செய்கிறான். கத்தரியில் வல்லவனாம். தீட்டத் தெரியாது; தெரிய வேண்டிய தேவையுமில்லை.

ஆனால் தம் முகத்துக்கு மட்டும் பெரியவர் இன்றும் அந்தப் பழைய கத்தியையே எடுக்கிறார். ஐம்பதாண்டுக்கு மேலாகத் தேய்ந்து, எட்டில் ஐந்து பங்கு இருந்த அகலம் இப்போது எட்டில் நான்குக்கும் குறைவு. தமையனாரிடம் சென்ற கத்தி நீலகிரியில் அவர் மகனிடம் இருப்பதாகக் கடிதம் வந்ததாம். கல்லைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை.

வாசகர்களுள் சிலரின் வீட்டுத் தகரப் பெட்டியிலும் பாட்டனாரின் கத்தி ஒன்று கிடக்கக்கூடும். அதை ஒருவர் தம் முகத்துக்கு மட்டும் பயன்படுத்துவதில் தடையில்லை. ஆயினும் முதலில் அதைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். பக்கங்களில் படிந்த கருநிறம் கெடுதியன்று. செந்நிறத் துரு விளிம்பைக் குடைந்து பள்ளமாக்கியிருந்தால், அந்த இடத்தில் எந்தக் கல்லும் நிலையான வாயைத் தராது. விளிம்பு தப்பியிருந்தால், தீட்டத் தெரிந்தவர் ஒருவரிடம் கொடுக்கலாம். திரும்பப் பெற்றதும் மயிரிழையை அறுத்துக் காட்டுவாரானால் மகிழலாம், நம்பிவிடக் கூடாது. பெரியவர் சொல்லித் தந்த சோதனை இது. வெந்நீரில் முகத்தை நன்றாக ஊறவைத்து, ஒரு கன்னத்தை அந்தக் கத்தியாலும் மறு கன்னத்தை வழக்கமான புதுப் பிளேடாலும் மழித்துக்கொள்ள வேண்டும். பிறகு வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் சென்றதும் பீலித் தண்ணீரை இரு கைகளிலும் ஏந்தி முகத்தில் அடித்துக்கொள்ள வேண்டும். எந்தக் கன்னம் முதலில் எரிகிறது என்று பார்த்துக்கொண்டால் போதும்.